கல்விக்குக் கொடுத்த பணம் என்ன செய்தது?

கிணறு வெட்டுவதற்குப் பணம் கொடுத்த ஒருவர், வேலை முடிந்தபின் வந்து எட்டிப் பார்த்தால் போதும். தண்ணீர் இருந்தால் பணம் பயன்பட்டது. வெறும் பாறை தெரிந்தால் பயன்படவில்லை. பள்ளிக்கூடம் நடத்தப் பணம் கொடுத்தவரின் நிலை அவ்வளவு எளிதன்று. அவரும் எட்டிப் பார்க்கலாம். கட்டடம் தெரியும், கரும்பலகை தெரியும், வரிசையாக அமர்ந்திருக்கும் பிள்ளைகளும் தெரிவார்கள். அப்பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வருமா, நாளைக்கும் அவர்கள் வருவார்களா, இந்தப் பள்ளி இல்லாதிருந்தால் அவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்னும் கேள்விகளுக்கு விடை சாளரத்தின் வழியே தெரிவதில்லை. அவ்விடையைத் தேடும் முறைகளைப் பற்றியே இங்குப் பேச எண்ணுகிறேன். இது கணக்காயர்களுக்கும் அதிகாரிகளுக்கும் உரிய செய்தி என்று மாணவ நண்பர்கள் ஒதுக்கிவிட வேண்டா. ஒரு தாளும் பென்சிலும் சிறிது பொறுமையும் உடைய கல்லூரி மாணவர் எவரும் செய்யக்கூடிய வேலை இது.

எந்த வட்டாரத்தை வைத்துப் பேசுவது? விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூருக்கு அருகே அச்சங்குளம் என்னும் சிற்றூர் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12-ஆம் நாள் அங்கிருந்த பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த வெடி விபத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதுவரை அவ்வூரின் பெயரைக் கேட்டறியாதவர்களும் அன்று கேட்டார்கள். அங்கும் அதைச் சுற்றியும் வானம் பார்த்த நிலமே மிகுதி. மழை பொய்த்தால் காட்டில் வேலையில்லை. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவிற்குச் சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். அதன்பின் தீப்பெட்டியும், அதனை அடுத்துப் பட்டாசும், அச்சுத் தொழிலும் இவ்வட்டாரத்திற்குச் சோறு போட்டன. சோறு போட்ட தொழில் பிள்ளைகளையும் தன்பால் இழுத்தது. குச்சி அடுக்குவதற்கும், பெட்டி ஒட்டுவதற்கும், சரவெடி பின்னுவதற்கும் சிறிய விரல்கள் விரைந்து ஓடும். கூலியோ பெரும்பாலும் நாட்கணக்கன்று, உருப்படிக் கணக்கு. ஆகவே வீட்டில் ஒரு பிள்ளை கூடுதலாக உட்கார்ந்தால், வாரக் கடைசியில் சில ரூபாய் கூடுதலாகக் கைக்கு வரும். அந்தச் சில ரூபாயோடுதான் பள்ளிக்கூடம் போட்டியிட வேண்டியிருந்தது.

அப்போட்டியில் பள்ளிக்கூடம் தோற்றுவிடக் கூடாது என்பதற்காக வெளியிலிருந்து பணம் வந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பெற்றது. 1988-இல் மத்திய அரசின் தொழிலாளர் அமைச்சகம் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் தெரிந்தெடுத்த இடங்களுள் சிவகாசியும் ஒன்று. மாவட்ட ஆட்சித் தலைவரைத் தலைவராகக் கொண்ட ஒரு சங்கத்திற்கு மானியம் வரும். அச்சங்கம் சிறப்புப் பள்ளிகளை நடத்தும். வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கு அங்கே எழுத்தும் கணக்கும், மதிய உணவும், கைத்தொழிலும், மாதந்தோறும் ஒரு சிறு உதவித் தொகையும் கிடைக்கும். சில ஆண்டுகளில் அவர்கள் வழக்கமான பள்ளிக்கு மாற வேண்டும். 2004-இல் இந்திய அரசும் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் ஆளுக்கு 2 கோடி டாலர் இட்டு, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வாயிலாக ‘இண்டஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கின. அதற்கெனத் தெரிந்தெடுத்த மாவட்டங்களுள்ளும் விருதுநகர் இருந்தது; தீப்பெட்டியும் பட்டாசும் அதன் தொழிற்பட்டியலில் இடம்பெற்றிருந்தன. இப்போது இண்டஸ் முடிந்துவிட்டது. சிறப்புப் பள்ளித் திட்டம் ‘சமக்ர சிக்ஷா’ என்னும் பொதுக் கல்வித் திட்டத்தோடு இணைந்துவிட்டது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்திற்குப் பிறகு, பெரிய நிறுவனங்கள் தம் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டியிருப்பதால், அப்பணத்தில் ஒரு பகுதியும் பள்ளிகளை நாடி வருகிறது. கொடுப்பவர்கள் மாறினார்கள், கொடுத்த பணம் என்ன செய்தது என்னும் கேள்வி மாறவில்லை.

கொடுத்தவர் பெரும்பாலும் தொலைவில் இருக்கிறார். ஆண்டிறுதியில் அவருக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் என்னும் தாள் ஒன்று போகிறது. பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. பணம் குறித்த தலைப்புகளில் செலவாயிற்று என்பதற்கே அது சான்று. ஆசிரியர் ஊதியம் இவ்வளவு, அரிசி பருப்பு இவ்வளவு, நோட்டுப் புத்தகம் இவ்வளவு என்று பைசா பிசகாமல் கணக்கு எழுதிய பள்ளியில் ஒரு பிள்ளைக்கும் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். கணக்குத் தணிக்கை வேண்டுவதே. அது திருட்டைத் தடுக்கும். திருடாத பணமெல்லாம் பயன்பட்ட பணம் ஆகிவிடாது.

அங்ஙனமாயின் செலவை விட்டுவிட்டுப் பலனைப் பார்த்தே பணம் கொடுத்தால் என்ன என்று தோன்றும். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1862-இல் இராபர்ட் லோ என்பவர் இம்முறையைப் புகுத்தினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்திலும் இது நடைமுறையில் இருந்தது. நம் திண்ணைப் பள்ளிகள் பல இதன் வழியாகவே சர்க்கார் மானியத்திற்குள் வந்தன. ஆண்டுக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் சோதிப்பார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று மானியம் கணக்காகும். இதைவிட நேரான முறை உண்டோ என்று தோன்றுகிறதல்லவா? கவிஞரும் பள்ளி இன்ஸ்பெக்டருமாகிய மாத்யூ ஆர்னால்டு இதனைக் கடுமையாக எதிர்த்தார். தக்கவாறு பழக்கிவிட்டால், உண்மையில் வாசிக்கத் தெரியாத பிள்ளையையும் வாசிப்புத் தேர்வில் தேறச் செய்துவிடலாம் என்று அவர் தம் அறிக்கையில் எடுத்துக்காட்டினார். இன்ஸ்பெக்டர் எந்தப் பக்கத்தைத் திறப்பார் என்று தெரிந்தபின், அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்விப்பதில் ஆசிரியருக்கு என்ன தடை? அவர் வயிறும் அதிலேதானே இருந்தது. 1890-களில் இங்கிலாந்து அம்முறையைப் படிப்படியாகக் கைவிட்டது. எதனை அளந்து அதன்மேல் பணம் கொடுக்கிறோமோ, அது விரைவில் வளைந்துபோகும் என்பதை அப்போதே கண்டுகொண்டார்கள். ஆகவே அளப்பவர் கையிலுள்ள கோலும், பணம் கொடுப்பவர் கையிலுள்ள பையும் ஒரே கையில் இருப்பது நன்றன்று என்பது என் கருத்து.

இனி ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டு அளந்து பார்ப்போம். கணக்கு விளங்குவதற்காக நானே கற்பனையாகக் கொள்ளும் பள்ளி இது. எந்த ஊரையும் குறிப்பதன்று. பதிவேட்டில் 50 பிள்ளைகள். ஆண்டுச் செலவு 10 லட்சம் ரூபாய். அறிக்கையில் தலைக்கு 20,000 ரூபாய் என்று எழுதிவிடலாம். முன்னறிவிப்பின்றி ஒரு செவ்வாய்க்கிழமை போய் எண்ணினால் 32 பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுள் முன்பின் பாராத ஒரு சிறு பத்தியைத் தடையின்றி வாசிப்பவர்கள் 20 பேர். ஆண்டு முடிவில் வழக்கமான பள்ளிக்கு மாறியவர்கள் 24 பேர். அதற்கு ஓராண்டு கழித்து அப்பள்ளிக்குச் சென்று பெயர் சொல்லித் தேடினால், இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் 15 பேர். அதே 10 லட்சத்தை இந்தப் பதினைந்தால் வகுத்தால் தலைக்கு 66,667 ரூபாய் ஆகிறது. இருபதாயிரம் என்பதும் பொய்யன்று. அறுபத்தாறாயிரம் என்பதும் பொய்யன்று. எந்தக் கேள்விக்கு விடை என்பதே வேறுபாடு. கொடுத்தவர் விரும்பியது பதிவேட்டில் பெயரையா, பள்ளியில் நிலைத்த பிள்ளையையா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். தலைக்கு அறுபத்தாறாயிரம் என்றவுடன் பள்ளியை மூடிவிடலாம் என்று முடிவு கட்டுவதும் அறிவுடைமை ஆகாது. வேறெந்த வழியில் அப்பதினைந்து பேரும் பள்ளியில் நிலைத்திருப்பார்கள், அதற்கு என்ன செலவாகும் என்பதையும் அருகில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

இவ்வாறு ஒரு குழுவைப் பெயரோடு தொடர்ந்து செல்வது புதிய உத்தியன்று. 1929-இல் வெளிவந்த ஹார்ட்டாக் குழுவின் அறிக்கை இதைத்தான் செய்தது. 1922-23-இல் முதல் வகுப்பிலிருந்த நூறு பிள்ளைகளுள், 1925-26-இல் நான்காம் வகுப்பில் இருந்தவர்கள் 18 பேரே என்று அது கணக்கிட்டுக் காட்டியது. அதுவரை ஆண்டுதோறும் பள்ளிகளின் எண்ணிக்கையும் மாணவர் தொகையும் பெருகுவதைக் கண்டு மகிழ்ந்திருந்தவர்களுக்கு அந்தப் பதினெட்டு ஓர் அதிர்ச்சி. மொத்தத் தொகையைப் பார்த்தால் வளர்ச்சி. ஒரே கூட்டத்தைத் தொடர்ந்தால் கசிவு. ஓட்டைப் பானையில் நீர் மட்டம் உயர்கிறது என்றால், ஊற்றுகிறவர் வேகமாக ஊற்றுகிறார் என்பதே பொருள்.

பிள்ளைக்குப் படிக்கத் தெரியுமா என்பதை அறிய நீண்ட வினாத்தாள் தேவையில்லை. 2005 முதல் ‘பிரதம்’ என்னும் அமைப்பு ஊர்ப்புறங்களில் நடத்திவரும் ‘ஏசர்’ கணக்கெடுப்பு இதற்கு நல்ல வழிகாட்டி. அதில் ஒரு தாளில் எழுத்துகள் சில, எளிய சொற்கள் சில, முதல் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சிறு கதை இருக்கும். பிள்ளை எந்தப் படி வரை ஏறுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். ஒரு பிள்ளைக்குச் சில மணித்துளிகள் போதும். மாவட்டத்திற்கு 30 ஊர். ஊருக்கு 20 வீடு. இதில் வீடு என்பதே பெரிய நுட்பம். பள்ளிக்குள் சென்று சோதித்தால் பள்ளிக்கு வந்த பிள்ளைகளைத்தான் சோதிக்க முடியும். வராத பிள்ளையைப் பற்றி அறியவே நாம் புறப்பட்டோம். அந்தப் பிள்ளை வீட்டில்தான் இருக்கும். புத்தகத்தில் இல்லாத புதுப் பத்தியைக் கொடுப்பதால், ஆர்னால்டு கண்ட மனப்பாடத் தந்திரமும் இங்கே செல்லாது.

விருதுநகர் மாவட்டத்தில் அளப்பவர்களுக்கு மற்றொரு வலை விரிந்திருக்கிறது. அது தீபாவளி. நாடெங்கும் ஒரே வாரத்தில் வெடிக்கும் சரக்கை இங்கே ஆண்டு முழுவதும் செய்கிறார்கள். பண்டிகை நெருங்கும் மாதங்களில் வேலை உச்சத்திற்கு ஏறும். பண்டிகை கழிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் ஓய்ந்திருக்கும். எனவே செப்டம்பரில் வருகையை எண்ணிவிட்டுத் திட்டத்தைத் தொடங்கி, டிசம்பரில் மீண்டும் எண்ணினால், யாரும் ஒன்றும் செய்யாமலே வருகை கூடியிருக்கும். ‘மூன்றே மாதத்தில் முன்னேற்றம்’ என்று அறிக்கையில் எழுதலாம். டெல்லியில் இருப்பவர் அதை நம்பவும் செய்வார். செப்டம்பரைச் செப்டம்பரோடும், டிசம்பரை டிசம்பரோடும் ஒப்பிடுவதே முறை. அதிலும் தீபாவளி அக்டோபர் நடுவில் வரும் ஆண்டும் உண்டு, நவம்பர் நடுவில் வரும் ஆண்டும் உண்டு; பண்டிகைக்கு எத்தனை வாரம் முன்பு எண்ணினோம் என்பதைக் குறித்துவைத்தால் இன்னும் நல்லது. இப்படிப்பட்ட செய்தி எந்த வெளிநாட்டு வழிகாட்டி நூலிலும் இராது. ஊரில் பிறந்து வளர்ந்த மாணவர் எவருக்கும் தெரியும். மதிப்பீட்டுக் குழுவில் உள்ளூர்ப் பிள்ளைகள் இடம்பெற வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

ஆலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதும் குறையே. சட்டமும் சோதனைகளும் கடுமையானபின் ஆலைக்குள் பிள்ளைகள் வேலை செய்வது முன்னைவிட மிகவும் குறைந்துவிட்டது. 2016-இல் திருத்தப்பெற்ற சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டவரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்றும், பதினெட்டு வயது நிரம்பாதவரை அபாயமான தொழில்களில் அமர்த்தலாகாது என்றும் கூறுகிறது; குடும்பத்தார் செய்யும் அபாயமற்ற தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதற்கு விலக்கு அளித்திருக்கிறது. அந்த விலக்கின் நிழலில் பெட்டி ஒட்டுவதும் காகிதக் குழாய் சுற்றுவதும் வீட்டுத் திண்ணையில் நடக்கலாம். மற்றொன்றும் நேரலாம். தம்பி சிறப்புப் பள்ளிக்குப் போனதால் குறைந்த வருமானத்தை ஈடுகட்ட, எட்டாம் வகுப்பில் இருந்த அக்காள் நின்றுவிடுகிறாள். பள்ளியின் கணக்கில் ஒரு பிள்ளை மீண்டது. வீட்டின் கணக்கில் ஒன்று போய் ஒன்று வந்தது. ஆகவே எண்ண வேண்டிய அலகு பிள்ளையன்று, வீடு. அந்த வீட்டில் ஆறு முதல் பதினெட்டு வயது வரை உள்ள எல்லாருடைய பெயரையும் எழுதிக்கொண்டு, ஒவ்வொருவருடைய நாளும் எப்படிக் கழிகிறது என்று கேட்டல் வேண்டும்.

கேட்கும் முறையிலும் பக்குவம் உண்டு. “நீ வேலைக்குப் போகிறாயா?” என்று கேட்டால், போகவில்லை என்றுதான் விடை வரும். உதவித் தொகை நின்றுவிடுமோ, அப்பாவைப் பிடித்துப் போவார்களோ என்னும் அச்சம் அவ்விடையைச் சொல்ல வைக்கும். “நேற்றுக் காலையில் எழுந்ததிலிருந்து தூங்கப் போகும் வரை என்னென்ன செய்தாய்?” என்று கேளுங்கள். பல் விளக்கியது, குடத்தில் தண்ணீர் எடுத்தது, பள்ளிக்குப் போனது, வந்து அம்மாவோடு இரண்டு குரோஸ் ஒட்டியது என்று கதையோடு கதையாக உண்மை வந்துவிடும். அப்படி வந்த உண்மையைப் பாதுகாப்பது கேட்டவரின் கடமை. நாம் அளக்க வந்தவர்களே அன்றித் துப்பறிய வந்தவர்கள் அல்லர். தாளில் பெயருக்குப் பதிலாக எண்ணை எழுதிக்கொண்டு, பெயர்ப் பட்டியலைத் தனியே பூட்டி வைக்க வேண்டும். ஒரு வீட்டில் சொன்னது அடுத்த தெருவுக்குப் போனதென்றால் அந்த ஊரில் மறுபடி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். திறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

இதுவரை சொன்னவற்றையெல்லாம் பிழையின்றிச் செய்த பிறகும், கடினமான கேள்வி எஞ்சி நிற்கிறது. கண்ட மாற்றம் இந்தப் பணத்தால்தான் வந்ததா? 1988-க்கும் இன்றைக்கும் இடையே இவ்வட்டாரத்தில் எத்தனையோ மாறிவிட்டன. 1956-இல் எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிவைத்த மதிய உணவும், 1982-இல் விரிவடைந்த சத்துணவும் முன்பே இருந்தன. குடும்பங்களில் பிள்ளைகள் குறைந்தார்கள், பேருந்து வந்தது, தீப்பெட்டித் தொழிலில் இயந்திரம் புகுந்தது, இலவச மிதிவண்டி வந்தது, 2010-இல் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இத்தனை கைகள் சேர்ந்து தூக்கிய தேரை, ‘நான் ஒருவனே இழுத்தேன்’ என்று ஒரு திட்டம் சொல்லிக்கொள்ள முடியுமா? திட்டம் நடந்த ஊரையும், அதுபோன்றே இருந்தும் திட்டம் நடவாத ஊரையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி இதற்கு விடையில்லை. திட்டம் நடந்த ஊரில் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 30-லிருந்து 55 ஆனார்கள் என்றும், அடுத்த ஊரில் 32-லிருந்து 47 ஆனார்கள் என்றும் கொள்வோம். முதல் ஊரின் ஏற்றம் 25. ஆனால் திட்டமில்லாமலே 15 ஏறியிருக்கிறது. திட்டத்தின் கணக்கில் எழுதத்தக்கது 10 மட்டுமே.

‘அதுபோன்றே இருந்த ஊர்’ என்று சொல்வது எளிது, கண்டுபிடிப்பது அரிது. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல பாடம். சில பள்ளிகளில் பாடங்களை விளக்கும் பெரிய படச் சுருள்கள் இருந்தன, சிலவற்றில் இல்லை. இரண்டையும் ஒப்பிட்டபோது, படமிருந்த பள்ளிகளில் மதிப்பெண் தெளிவாக உயர்ந்திருந்தது. பிறகு ஆய்வாளர்கள் எப்பள்ளிக்குப் படம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். வேறுபாடே இல்லை. முதலில் கண்ட உயர்வு படத்தால் வந்ததன்று. படம் வாங்கும் அளவுக்கு ஊக்கமும் வசதியும் உள்ள பள்ளிகள் முன்பே நன்றாக நடந்துகொண்டிருந்தன என்பதுதான் உண்மை. இக்காலத்தில் கம்பெனிகள் வழங்கும் மின் திரைகளுக்கும் இதனைப் பொருத்திப் பார்க்கலாம். எத்தனை பள்ளிக்குத் திரை கொடுத்தோம் என்று அறிக்கை சொல்கிறது. வாரத்தில் எத்தனை மணி நேரம் அது எரிந்தது என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

குலுக்கிப் போடுவதா, பிள்ளைகளின் வாழ்வோடு விளையாடுவதா என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. உத்தரமேரூரில் குடவோலை கண்ட மரபினர்க்கு இது புதிதன்று. நாற்பது ஊர் கேட்கின்றன, இருபதுக்கே பணம் இருக்கிறது என்றால், செல்வாக்குள்ளவர் ஊருக்குக் கொடுப்பதைவிடச் சீட்டெடுப்பதே நேர்மையானது. ஒருவருக்கும் இல்லையென்னாமல் செய்யும் வழியும் உண்டு. குஜராத்தில் வதோதரா நகரப் பள்ளிகளில் 2001-க்கும் 2003-க்கும் இடையே, பின்தங்கிய பிள்ளைகளுக்கு அக்கம்பக்கத்து இளம்பெண்களைக் கொண்டு நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே கற்பித்தார்கள். பாதிப் பள்ளிகளுக்கு மூன்றாம் வகுப்பில் இவ்வுதவி. மீதிப் பாதிக்கு நான்காம் வகுப்பில். அடுத்த ஆண்டு இதை மாற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஏதோ ஒரு வகுப்பில் உதவி கிடைத்தது. ஒவ்வொரு வகுப்பிற்கும் ஒப்பிட ஒரு மறுபாதியும் கிடைத்தது. மதிப்பெண் உயர்ந்தது, அதிலும் மிகப் பின்தங்கியிருந்த பிள்ளைகளே மிகுதியாகப் பயனடைந்தார்கள். இந்த ஆய்வை நடத்தியவர்களுள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019-இல், கென்யா ஆய்வில் பங்கு கொண்ட மைக்கேல் கிரெமரோடு சேர்ந்து, பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

நம் மாநிலத்திலேயே அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் ஏறத்தாழ பதினெட்டு மாதம் மூடிக்கிடந்தன. 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. ஊர்ப் பெண்கள் பெரும்பாலோராக ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தம் தெருப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள்; மாத ஊக்கத் தொகை 1,000 ரூபாய். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மவ்ரீசியோ ரொமேரோ ஆகிய மூவரும் தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தனர். கொரோனாவுக்கு முன் 2019-இல் எடுத்த கணக்கு கையில் இருந்ததால், எவ்வளவு இழந்தார்கள் என்பதும் தெரிந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்திற்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைப் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள். அந்த மீட்பில் மாலை வகுப்புகளின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்று என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். பிரித்துப் பாராதவர் முழு மீட்பையும் மாலை வகுப்பின் வெற்றி என்று எழுதியிருப்பார். 2019-ஐ மட்டும் பார்த்தவரோ, வகுப்பு நடந்தும் பிள்ளைகள் பின்தங்கியே இருக்கிறார்கள், எனவே தோல்வி என்று எழுதியிருப்பார். ஒரே பிள்ளைகள், ஒரே தெரு. சம்பளம் வாங்கும் ஆசிரியர் செய்த வேலையின் பக்கத்தில் ஆயிரம் ரூபாய்ப் பெண் செய்த நான்கில் ஒரு பங்கு சிறிதன்று என்பது என் எண்ணம்.

எப்போது அளப்பது என்பதையும் சொல்ல வேண்டும். வழக்கமாகக் கடைசித் தவணைப் பணம் வந்தபின்னர்தான் மதிப்பீட்டாளரைத் தேடுகிறார்கள். அப்போது அவர் என்ன செய்ய முடியும்? தொடக்கத்தில் எடுத்த கணக்கு இல்லையென்றால், ஏற்றமா இறக்கமா என்று எதனோடு ஒப்பிடுவது? விதைக்கும் முன்பே நிலத்தை அளந்து வைக்க வேண்டும். ‘இன்னின்னது நடந்தால் வெற்றி, நடவாவிட்டால் தோல்வி’ என்பதையும் அன்றே எழுதிக் கையெழுத்திட்டுவிட வேண்டும். இல்லையேல் பிறகு எது நடந்ததோ அதுவே வெற்றி ஆகிவிடும். தோல்வி என்று எழுதினால் அடுத்த வேலை கிடைக்காது என்னும் நிலையில் உள்ள ஒருவரிடம் உண்மையை எதிர்பார்ப்பதும் வீண். ஆகையால் மதிப்பீட்டாளரை நியமிப்பவர் திட்டத்தை நடத்துபவராக இருக்கக் கூடாது. அறிக்கை எப்படியிருந்தாலும் வெளியாகும் என்னும் உறுதியும் முன்னரே வேண்டும்.

சிவகாசியைப் பற்றிய எம்.சி.மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை இங்கு நினைத்துக்கொள்கிறேன். அபாயத் தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் ஒரு நிதியில் கட்ட வேண்டும். அவ்வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர இயலாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அத்தொகையின் வட்டி குடும்பத்திற்குச் சேரும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் வட்டி நின்றுவிடும். கொடுப்பதற்குள்ளேயே ஓர் அளவுகோலை வைத்த ஏற்பாடு அது. ஆனால் 25,000 ரூபாயின் ஓராண்டு வட்டியையும், ஒரு பிள்ளை ஓராண்டு பெட்டி ஒட்டி ஈட்டும் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தல் வேண்டும். எது கனமானது என்பதை நம் மாணவர்கள் ஊரில் கூலி விகிதத்தைக் கேட்டு ஒரே மாலையில் கணக்கிட்டுவிடலாம். நன்னோக்கமுள்ள திட்டங்கள் பலவும் இந்த எளிய கணக்கைப் போடாமையால் இளைத்துப்போகின்றன.

கடைசியாக ஒன்று. 1988-இல் ஒன்பது வயதில் சிறப்புப் பள்ளிக்கு வந்த சிறுமிக்கு இப்போது வயது நாற்பதுக்கு மேல். அவளுக்கு மகனோ மகளோ இருந்தால், அவர்கள் மேல்நிலை வகுப்பையும் தாண்டியிருக்கும் காலம் இது. அன்றைய பள்ளி வேலை செய்ததா என்பதற்கு உண்மையான சான்று அவள் வாசித்த பத்தியில் இல்லை. அவள் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. அத்திட்டம் பொதுத் திட்டத்தில் கலந்துவிட்டபின், இதனைத் தேடுவதற்கென மானியம் தர யாரும் முன்வரப்போவதில்லை. தேடுவதற்குப் பெரும் பணமும் வேண்டியதில்லை. பழைய வருகைப் பதிவேடு கிடைக்கும் ஊராகப் பார்த்து இருபது பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். அதே வயதில் அப்பள்ளிக்குப் போகாத இருபது பேரை அதே தெருக்களில் விசாரித்து அறியுங்கள். நாற்பது வீடு, விடுமுறையில் இரண்டு வாரம். அந்த வீடுகளில் எத்தனை பிள்ளைகள் எத்தனையாவது வகுப்பு வரை படித்தார்கள், எத்தனை பேர் இன்றும் காலையில் ஆலை வண்டி ஏறுகிறார்கள் என்று இரண்டு வரிசையாக எழுதிக்கொண்டு வாருங்கள். தீபாவளி கழிந்த பின்பு போவது நல்லது. அப்போதுதான் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள்.